செயலி தயார், எந்த வாசல் வழியாக அனுப்புவது? முதல்முறை வெளியிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒரு பெரியவருக்காக அந்தச் செயலியை எழுத ஆரம்பித்தேன். எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர், எந்த நாள் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் யார் எவ்வளவு பாக்கி. அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு மாதம் உட்கார்ந்து முடித்து, அவர் போனில் ஏற்றப் போனேன். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எடமே இல்லீங்க தம்பி. பேத்தி போட்டோவ அழிச்சாத்தான் இத ஏத்த முடியும்."

செயலி 48 எம்பி இருந்தது. பேத்தியின் படத்தை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, தேவையில்லாத எழுத்துருக்களையும் படங்களையும், பிறர் எழுதித் தயாராகக் கிடைக்கும் கோட் தொகுப்புகளான லைப்ரரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு 9 எம்பிக்குக் கொண்டுவந்தேன். அதற்கு இன்னொரு மூன்று வாரம் பிடித்தது.

கோட் எழுதி முடித்தபின் ஸ்டோரில் போடுவதுதான் விநியோகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தப்பு. யாருடைய போனுக்கு, எந்த வழியாக, யார் சொல்லிப் போய்ச் சேரப்போகிறது என்பதை முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்துவிட்டால் பின்னால் படும் பாட்டில் பாதி குறையும். தன் பெயரில் முதல் செயலியை வெளியிடப்போகும் தனி ஆளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அப்படி ஒருவர் எந்த வரிசையில் செய்தால் நல்லதோ, அந்த வரிசையிலேயே படிகள் வருகின்றன.

படி 1: நான்கு கேள்விக்குப் பேப்பரில் பதில் எழுதுங்கள்

பயன்படுத்தப்போகிறவர் கையில் என்ன போன் இருக்கிறது? அவர் செயலியை எங்கிருந்து இறக்குவார்? உங்கள் செயலியைப் பற்றி அவருக்கு யார் சொல்வார்கள்? பணம் வாங்குவதாக இருந்தால் எப்படிக் கொடுப்பார்?

என் பால்காரருக்கான பதில்கள் இப்படி இருந்தன. மூன்று நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். பிளே ஸ்டோர் இருக்கிறது, ஆனால் அவர் தானாகத் தேடி எதையும் இறக்கியதில்லை. மகனோ, ரீசார்ஜ் கடைப் பையனோ இறக்கித் தருவார்கள். அவருக்குச் சொல்லப்போவது இன்னொரு பால்காரர். பணம் என்றால் யுபிஐ.

இந்த நான்கு வரியில் என் முழுத் திட்டமும் அடங்கிவிட்டது. ஐபோன் இப்போதைக்குத் தேவையில்லை. பிளே ஸ்டோர்தான் வீடு. விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட, ஒரு பால்காரர் இன்னொருவருக்கு அனுப்ப எளிதான லிங்க் முக்கியம். இதுவே அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு எழுத்து சொல்லித் தரும் செயலி என்றால் பதில் தலைகீழாக மாறும். அங்கே ஐபோனும் ஐபேடும் இல்லாமல் ஆரம்பிப்பதில் பயனில்லை.

எல்லாக் கடையிலும் ஒரே நாளில் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் தனி விதி, தனிப் படிவம், தனி அப்டேட், தனி ரிவ்யூ உண்டு. தனி ஆளால் ஒரு கடையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். இரண்டாவது கடை, முதல் கடையில் வேலை சீரான பிறகு.

படி 2: பெயரும் சாவியும்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். மற்ற எதைத் தவறவிட்டாலும் பின்னால் திருத்தலாம், இங்கே இரண்டு விஷயங்களைத் திருத்தவே முடியாது.

ஒன்று பேக்கேஜ் நேம், அதாவது செயலியை ஸ்டோரும் போனும் அடையாளம் காணும் உள்பெயர். ஸ்டோரில் தெரியும் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உள்ளே இருக்கும் பேக்கேஜ் நேமை ஒருமுறை வெளியிட்டபின் மாற்ற முடியாது, செயலியை நீக்கிவிட்டு அதே பேரில் புதிதாகவும் போட முடியாது. டுடோரியலில் இருந்து காப்பி அடித்த 'எக்ஸாம்பிள்' என்ற சொல்லோடு வெளியிட நினைத்தால், செயலியை ஏற்றும் தளமான பிளே கன்சோலே தடுத்துவிடும். நண்பரின் கம்பெனி பெயரையோ, விட்டுவிடப்போகும் டொமைன் பெயரையோ போட்டால் தடுக்காது. அது காலத்துக்கும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது சைனிங் சாவி: செயலி உங்களுடையதுதான் என்று கையெழுத்திடும் டிஜிட்டல் சாவி. 2016-ல் நண்பரோடு கூட்டாக ஒரு கணக்கு வைத்து, சின்னதாக ஒரு செயலி வெளியிட்டோம். அந்தச் சாவி இருக்கும் கீஸ்டோர் கோப்பு என் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. ஒருநாள் ஹார்ட் டிஸ்க் போனது, சாவியும் அதோடு போனது. அந்தக் காலத்தில் சாவி இல்லாவிட்டால் அப்டேட் கிடையாது. வேறு வழியில்லாமல் புதிய பேக்கேஜ் நேமில் மறுபடி வெளியிட்டோம். பழையதை வைத்திருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு வருடம் சேர்த்த ரேட்டிங் பழைய பக்கத்திலேயே தங்கிவிட்டது. பழைய பதிப்பில் இருந்த ஒரு பிழையைப் பற்றி ஒருவர் மாதாமாதம் மெயில் போட்டுக்கொண்டே இருந்தார். சரிசெய்த பதிப்பு கையில் இருந்தும் அவருக்குக் கொடுக்க முடியவில்லை.

இன்று நிலைமை பரவாயில்லை. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளை ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) என்ற தொகுப்பு வடிவில்தான் ஏற்ற வேண்டும். அதோடு பிளே ஆப் சைனிங்கும் கட்டாயம். அதாவது உண்மையான சைனிங் சாவி கூகுளிடம் பத்திரமாக இருக்கும், உங்களிடம் இருப்பது ஏற்றுவதற்கான அப்லோடு சாவி மட்டும். அது தொலைந்தால் கணக்கின் உரிமையாளர் கன்சோலில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் சாவியை இரண்டு இடத்தில் வையுங்கள், பாஸ்வேர்டைத் தனியே எழுதி வையுங்கள். சாவியை உருவாக்கும்போது குறைந்தது 25 ஆண்டு செல்லுபடியாகும்படி கொடுங்கள். 2033 அக்டோபர் 22-க்குப் பிறகும் செல்லுபடியாக வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் விதி.

படி 3: கணக்கு திறப்பது

பிளே கன்சோலில் டெவலப்பர் கணக்குக்கு ஒருமுறை மட்டும் 25 டாலர். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி உள்ள கார்டு வேண்டும். வங்கிச் செயலியில் அதை முதலில் ஆன் செய்துகொள்ளுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் என்று இருந்தால் சரிபார்ப்பில் சிக்கும்.

தனிநபர் கணக்கா, நிறுவனக் கணக்கா? நிறுவனத்துக்கு டன்ஸ் எண் என்ற அடையாள எண் ஒன்று தேவை. பதிவு செய்த தொழில் இருந்தால் அதை இலவசமாக வாங்கலாம், வாரக்கணக்கில் ஆகலாம். தனிநபர் கணக்கில் உங்கள் பெயரும் நாடும் மெயிலும் ஸ்டோர் பக்கத்தில் தெரியும். செயலி மூலம் பணம் வாங்க ஆரம்பித்தால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரி ஊருக்கெல்லாம் தெரிவதை விரும்பாதவர்கள், குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்கள், இதைக் கணக்கு திறக்கும் முன்பே யோசிக்க வேண்டும். எனக்கு இதை யாரும் முன்னதாகச் சொல்லவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

படி 4: பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், செயலியைப் பொதுமக்களுக்குத் திறக்கும் முன் க்ளோஸ்டு டெஸ்டிங், அதாவது நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் சோதிக்கும் கட்டம், நடத்திக் காட்ட வேண்டும். முதலில் 20 டெஸ்டர்கள் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சேர்ந்தே இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகினால் எண்ணிக்கை உடையும்.

இந்த முறை என் பெயரில் புதிய கணக்கு திறந்திருந்ததால் நானும் இதைச் செய்தேன். ஊரில் உள்ள பால்காரர்களையே கூப்பிட்டேன். முதல் நாளே ஒரு முட்டுக்கட்டை. டெஸ்டர் பட்டியலில் ஜிமெயில் முகவரி கொடுக்க வேண்டும். பாதிப் பேருக்குத் தங்கள் முகவரி என்னவென்றே தெரியாது. போன் வாங்கிய கடையில் யாரோ போட்டுக் கொடுத்தது. இதற்கு எளிய வழி: அவர் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காதால் கேட்டு எழுதினால் ஒரு எழுத்தோ எண்ணோ தவறும், அவருக்கு லிங்க் திறக்காது.

அடுத்து, லிங்கை அனுப்பினால் மட்டும் போதாது. அவர் அதைத் திறந்து, டெஸ்டராகச் சேர்கிறேன் என்ற பட்டனை அழுத்தி, பிறகு பிளே ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும். மூன்று கட்டம். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுத்தவர்கள் எல்லோரும் மூன்றையும் முடித்தார்கள். நான் வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் அனுப்பியவர்களில் பாதிப் பேர் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் போன் உடைந்தது, இன்னொருவர் இடம் பற்றாமல் செயலியை அழித்ததோடு டெஸ்டிலிருந்தும் விலகிவிட்டார். நான் 18 பேரைச் சேர்த்திருந்ததால் தப்பித்தேன். 12 பேர் தேவை என்றால் 18 பேரைச் சேருங்கள்.

காசு கொடுத்தால் டெஸ்டர்களைப் பிடித்துத் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். 14 நாள் முடிந்து பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, டெஸ்டர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள், என்ன சொன்னார்கள், அதற்கு நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று கேள்விகள் வரும். வாடகை டெஸ்டர் எதையும் சொல்லியிருக்க மாட்டார். என் பால்காரர்கள் சொன்னதில் ஒன்று: விடிகாலை நாலரை மணிக்கு இருட்டில் திறந்தால் வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது. இன்னொன்று: அளவை அரை லிட்டர், கால் லிட்டர் என்று தொட்டுச் சேர்க்க வேண்டும், 0.5 என்று தட்ட யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டையும் பத்தாம் நாளுக்குள் மாற்றி அப்டேட் விட்டேன், விண்ணப்பத்திலும் அப்படியே எழுதினேன். இந்த இரண்டு வாரத்தைத் தண்டனையாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அது இல்லாமல் வெளியிட்டிருந்தால் ஒரு பால்காரரும் மறுநாள் திறந்திருக்க மாட்டார் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

படி 5: அனுமதிகளும் படிவங்களும்

மாதக் கடைசியில் எல்லா வீட்டுக்கும் தானாக எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது என் ஆரம்பத் திட்டம். அதற்கு எஸ்எம்எஸ் அனுமதி வேண்டும். பிளே ஸ்டோர் 2019 முதல் எஸ்எம்எஸ், கால் லாக் அனுமதிகளை மிகச் சில வகைச் செயலிகளுக்கே தருகிறது. போனின் முதன்மை மெசேஜ் செயலியாக இருப்பது போன்ற காரணம் வேண்டும். பால் கணக்கு அந்தப் பட்டியலில் வராது. அதனால் வழியை மாற்றினேன். பில்லைத் தயாராக எழுதி, பகிரும் பட்டனை அழுத்தினால் வாட்ஸ்அப்போ மெசேஜோ அந்த வரிகளோடு திறக்கும். அனுப்புவதை அவரே அழுத்துவார். இதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. பெரியவருக்கும் இதுதான் பிடித்தது: அனுப்பும் முன் சில வீடுகளுக்குப் பத்து இருபது ரூபாய் குறைத்துப் போடுவாராம்.

அனுமதி கேட்கும் ஒவ்வொரு வரியையும் இப்படிப் பாருங்கள். அது இல்லாமல் வேலை நடக்குமா? நடந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் கோடில் இல்லாவிட்டாலும் நீங்கள் சேர்த்த லைப்ரரி கேட்டிருக்கலாம், செயலி கேட்கும் அனுமதிகள் எழுதப்பட்டிருக்கும், கடைசியாக உருவாகும் மேனிஃபெஸ்ட் கோப்பைத் திறந்து பாருங்கள்.

படிவங்களில் பிரைவசி பாலிசி லிங்க், டேட்டா சேஃப்டி, வயது மதிப்பீடு ஆகியவை எல்லோருக்கும் கட்டாயம். டேட்டா சேஃப்டியில் 'எதையும் சேகரிக்கவில்லை' என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள். விளம்பர லைப்ரரி, கிராஷ் (செயலி திடீரென நின்றுபோவது) ரிப்போர்ட் லைப்ரரி அனுப்பும் தகவலும் உங்கள் கணக்கில்தான். செயலிக்குள் லாகின் கணக்கு உருவாக்க வைத்தால், அதை அழிக்கும் வழியும் கொடுக்க வேண்டும். ஆப்பிளில் இது 2022 ஜூன் 30 முதல் கட்டாயம், பிளே ஸ்டோரிலும் பின்னர் வந்துவிட்டது. லாகின் இல்லாமல் நடக்கும் என்றால் லாகினே வைக்காதீர்கள்.

படி 6: ஸ்டோர் பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்

பிளே ஸ்டோர் பக்கத்தைத் தமிழிலேயே தனியாக எழுதும் வசதி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தை மட்டும் போடுகிறவர்களே அதிகம். பெயருக்கு 30 எழுத்து, சிறு விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4000. இதில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. கன்சோல் எண்ணுவது நம் எழுத்துக் கணக்குப்படி இல்லை. 'பால் கணக்கு' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, ஒரு இடைவெளி. கன்சோலுக்கு அது 11: கால், புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். எனவே தமிழில் 30 என்பது ஏறக்குறைய மூன்று சொல். அந்த மூன்று சொல்லும், பயன்படுத்துகிறவர் வாயில் வரும் சொல்லாக இருக்கட்டும். 'பால் விநியோக மேலாண்மை' என்று எந்தப் பால்காரரும் தேட மாட்டார்.

சிறு விளக்கம் நான் எழுதியது: "வீடு வாரியாகப் பால் கணக்கு எழுத, மாதக் கடைசியில் பில் அனுப்ப." எண்பதுக்குள் அடங்குகிறது. 'நம்பர் 1', 'சிறந்த', 'இலவசம்' போன்ற சொற்களைப் பெயரில் போடுவதை ஸ்டோர் விதி தடுக்கிறது, இமோஜியும் கூடாது. ரீசார்ஜ் கடைப் பையன் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவான் என்பதால், ஆங்கிலப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிய வடிவத்தையும் பெயரிலேயே சேர்த்தேன். அதையே விளக்கத்தில் இருபது முறை திரும்பத் திரும்ப எழுதினால் விதிமீறல்.

படங்கள்: குறைந்தது 2, போனுக்கு அதிகபட்சம் 8. ஐகான் 512-க்கு 512, மேலே வரும் பெரிய படம் 1024-க்கு 500. முதல் ஸ்கிரீன்ஷாட் லாகின் பக்கமாகவோ வெறும் வரவேற்புப் பக்கமாகவோ இருக்க வேண்டாம். நிரம்பிய கணக்குப் பக்கத்தை வையுங்கள். என் முதல் படத்தில் 'டீச்சர் வீடு', 'மாடி வீடு', 'டெய்லர் கடை' என்று வரிசையாக இருக்கும். பால்காரர்கள் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் இது நம்முடையது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

படி 7: வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆண்ட்ராய்டில் ஏபிகே கோப்பை, அதாவது செயலியின் இன்ஸ்டால் கோப்பை, ஸ்டோர் இல்லாமல் நேரே ஏற்றலாம், வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல், எந்தச் செயலி வழியாக வந்ததோ அதற்குத் தனியாக அனுமதி கொடுத்த பிறகுதான் இன்ஸ்டால் ஆகும். ஆனால் முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படி அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயரில் ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி நம் ஊரில் நடக்கிறது. 'வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தொடாதீர்கள்' என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொண்டு, நம் செயலியை மட்டும் அதே வழியில் அனுப்பக் கூடாது. பிளே ஸ்டோர் லிங்கையும் க்யூஆர் கோடையும் அனுப்புங்கள்.

உங்கள் கம்பெனி ஆட்களுக்கு மட்டும், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்கும் நண்பருக்குத் தருவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்: நீங்கள் உங்கள் சாவியால் கையெழுத்திட்ட ஏபிகேயும், பிளே ஸ்டோர் தரும் பதிப்பும் வேறு வேறு சாவியில் இருக்கலாம். ஒன்றின் மேல் இன்னொன்று ஏறாது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் உள்ளே இருந்த கணக்கெல்லாம் போகும். கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர் என்ற பக்கத்தில், கூகுள் சாவியால் கையெழுத்திட்ட, எல்லா போனுக்கும் பொதுவான யுனிவர்சல் ஏபிகே கிடைக்கும். நேரே கொடுப்பதென்றால் அதையே கொடுங்கள், பின்னால் ஸ்டோர் அப்டேட்டும் அதன்மேல் சரியாக ஏறும்.

இந்த வாசல் இனி இன்னும் குறுகப்போகிறது. ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் செயலிகளுக்கும் டெவலப்பர் அடையாளச் சரிபார்ப்பு வரும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் என்பது அந்த அறிவிப்பு.

படி 8: மற்ற கடைகள்

போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர், தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் இருக்கிறது. பணம் வாங்க உங்களுக்குப் பிடித்த பேமெண்ட் கேட்வேயை (பணத்தை வாங்கித் தரும் சேவையை) வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பயனர்களுக்கான செயலி என்றால் இரண்டாவது கடையாக இதைத்தான் முதலில் பாருங்கள். சாம்சங் போன்களில் கேலக்சி ஸ்டோர் முன்பே இருக்கும். ஹுவாவேயின் புதிய போன்களில் 2019-க்குப் பிறகு கூகுள் சேவைகள் இல்லை, அங்கே ஆப்கேலரிதான். உங்கள் செயலி கூகுள் மேப், புஷ் நோட்டிஃபிகேஷன் ஆகியவற்றை நம்பியிருந்தால் அங்கே அப்படியே ஓடாது. அமேசான் ஆப்ஸ்டோர் ஆண்ட்ராய்டு போன்களில் 2025 ஆகஸ்ட் 20 அன்று மூடப்பட்டது, பழைய வழிகாட்டிகளில் அதைப் பார்த்தால் தாண்டிப் போங்கள். மூலநிரலைத் திறந்து கொடுப்பவர்களுக்கு எஃப்-ட்ராய்டு என்ற கடை நல்ல இடம்.

ஆப்பிளுக்குப் போகும் நாள் வந்தால்: ஆண்டுக்கு 99 டாலர், ஒவ்வொரு ஆண்டும். கட்டாமல் விட்டால் செயலி ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும். ஐபோன் செயலியை உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடுக்கு மேக் கணினி வேண்டும். ஆப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளியாட்கள் 10,000 பேர் வரை சோதிக்கலாம், ஏற்றும் ஒவ்வொரு பதிப்பும் (பில்ட்) 90 நாளில் காலாவதி. வெறும் இணையதளத்தைச் செயலிக்குள் சுற்றிக் கொடுத்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்புவார்கள்.

படி 9: பணம்

பாலுக்கு, துணிக்கு, டியூஷன் மாஸ்டரின் நேரடி வகுப்புக்கு வாங்கும் பணத்தில் ஸ்டோருக்குப் பங்கு இல்லை. யுபிஐ லிங்க் வைத்துக்கொள்ளலாம். செயலிக்குள்ளேயே அனுபவிக்கும் பொருளுக்கு, உதாரணமாக விளம்பரம் இல்லாத பதிப்புக்கு, ஸ்டோரின் பில்லிங் விதி பொருந்தும். பிளே ஸ்டோரில் 2021 ஜூலை 1 முதல் ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் வருமானத்துக்கு 15 சதவீதம் என்று வந்தது, ஆப்பிள் சிறு தொழில் திட்டத்திலும் அதே 15 சதவீதம். இரண்டிலும் நீங்கள் பதிவு செய்தால்தான் அந்த விகிதம். இந்தியாவில் பயனர் விரும்பும் மாற்று பில்லிங்கையும் பிளே ஸ்டோர் அனுமதிக்கிறது. அதில் கட்டணம் 4 சதவீதப் புள்ளி மட்டுமே குறையும், உங்கள் கேட்வேக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சின்னச் செயலிக்கு அதில் மிச்சம் ஏதும் இல்லை என்பது என் கணக்கு. கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், விலை வைக்கும் நாளில் கன்சோலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 1 அன்று கட்டணத் தகராறில் பல இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சென்னையில் இருந்து நடக்கும் பாரத் மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பின. அவர்களுக்குப் பேச ஆள் இருந்தது. தனி ஆளின் செயலி நீக்கப்பட்டால் ஒரு படிவம்தான் துணை. ஆகவே பயனர்களுக்கும் உங்களுக்கும் இடையில் ஸ்டோரைச் சாராத ஒரு தொடர்பு இருக்கட்டும்: சொந்த டொமைனில் ஒரு பக்கம், ஒரு வாட்ஸ்அப் குழு. செயலிக்குள் தரவை ஏற்றுமதி செய்யும் பட்டனையும் முதல் பதிப்பிலேயே வையுங்கள். மூன்று மாத பாக்கிக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் பால்காரருக்கு அது நேரடி நஷ்டம்.

படி 10: வெளியிடும் நாளும் அதன் பிறகும்

முதல் வெளியீடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் போகும். அதற்குப் பிறகு வரும் அப்டேட்களைச் சிறிது சிறிதாக விடுங்கள். நான் 10 சதவீதத்தில் தொடங்கி, இரண்டு நாள் பார்த்து, 50-க்குப் போய், பிறகு முழுவதும் விடுவேன். பிரச்சினை தெரிந்தால் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. கூடுதல் வெர்ஷன் எண்ணோடு திருத்திய பதிப்பை அனுப்புவதுதான் வழி. ஆப்பிளிலும் ஏழு நாளில் படிப்படியாக விடும் வசதி உண்டு, அங்கே 1 சதவீதத்தில் தொடங்கும். மாதக் கடைசி வாரத்தில் நான் எதையும் விடுவதில்லை. பில் போடும் வாரம் அது.

முதல் வாரம் டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். செயலி எவ்வளவு சீராக ஓடுகிறது என்று கன்சோலில் காட்டும் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தைப் பாருங்கள். பயனர் கண்ணில் படும் கிராஷ் 1.09 சதவீதத்தையும், செயலி உறைந்து நிற்பது 0.47 சதவீதத்தையும் தாண்டினால் ஸ்டோர் உங்கள் செயலியைக் காட்டுவதைக் குறைத்துவிடலாம். ஏதோ ஒரு போன் மாடலில் மட்டும் விழுந்தாலும் அந்த மாடல்காரர்களுக்கு எச்சரிக்கை காட்டலாம். எனக்கு ஒரே மாடலில் விழுந்தது. ரீசார்ஜ் கடையில் அதே மாடல் பழைய போனை 2,500 ரூபாய்க்கு வாங்கிவந்து பார்த்தபோதுதான் மெமரி பற்றாமல் விழுவது தெரிந்தது. அந்த போன் இன்றும் என் மேசையில் இருக்கிறது, ஒவ்வொரு பதிப்பும் முதலில் அதில்தான் ஏறும்.

ஒரு நட்சத்திர ரிவ்யூ வந்தால் அன்றே பதில் எழுதுங்கள். 350 எழுத்துதான் இடம், தமிழில் இன்னும் குறைவு. என்ன தவறு, எந்தப் பதிப்பில் சரியாகும் என்று இரண்டு வரி போதும். சரிசெய்த பிறகு மறுபடி ஒரு பதில் போடுங்கள்; நட்சத்திரத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள், பரிசு தருகிறேன் என்று சொல்வது விதிமீறல்.

கடைசியாக நாட்காட்டியில் ஜூலை 1-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோர் ஆண்டுதோறும், பொதுவாக ஆகஸ்ட் கடைசியில், செயலி டார்கெட் செய்ய (எந்தப் பதிப்புக்கு ஏற்ப எழுதப்பட்டது என்று அறிவிக்க) வேண்டிய ஆண்ட்ராய்டு பதிப்பை உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 அன்று அது ஆண்ட்ராய்டு 15 ஆனது. இதைத் தவறவிட்டால் அப்டேட் ஏற்ற முடியாது; இன்னும் பின்தங்கினால், புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர் தேடும்போது செயலி கண்ணிலேயே படாது. நம் பெரியவர் போனில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவர் சொல்லி, புதுப் போனோடு தேடும் அடுத்த தெருப் பால்காரருக்குத்தான் கிடைக்காது. இரண்டு மாத அவகாசம் இருந்தால், லைப்ரரிகளை ஏற்றி, அந்த 2,500 ரூபாய் போனில் ஓட்டிப் பார்த்து, ஆடி முடிவதற்குள் விட்டுவிடலாம்.